நம் கோழியும் அடுத்த வீட்டு முற்றமும்



கோழிக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் கோழியில் தொடங்கி, இரண்டு வீட்டுப் பெண்கள் மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் போகும் சண்டைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பக்கத்து வீட்டார் வேறு சமுதாயத்தினராக இருந்தால் அது தெருச் சண்டையாகவும் ஆகிவிடுகிறது.

நம் பழவேற்காட்டில் வீடுகள் நெருக்கமானவை. ஒரு வீட்டின் கொல்லை முடிகிற இடத்திலேயே அடுத்த வீட்டின் முற்றம் தொடங்குகிறது. அங்கே பாயில் நெத்திலியும் இறாலும் காய்கின்றன. கூடை பின்னும் வீடுகளில் சாயம் ஏற்றிய பனையோலை காய்கிறது. கோழி புகுந்தால் கொத்தும், கிளறும், எச்சமிடும். எச்சம் பட்ட கருவாட்டை யார் வாங்குவார்? ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபுகளிலும் கோழி எச்சம் நஜீஸ்தான். திண்ணையில் தொழுகைப் பாய் விரிப்பவருக்கு அது எவ்வளவு சிரமம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோழிக்கும் இதில் லாபம் இல்லை. உப்புக் கருவாட்டை அதிகம் தின்றால் உப்பே அதற்கு விஷமாகும்.

"பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில்தான் கால்நடைக்காரர் பொறுப்பு என்று ஹதீஸில் இருக்கிறதே" என்று ஒருவர் நம்மிடம் கேட்டார். பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தில் புகுந்து சேதம் செய்தபோது நபி (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு அது. உண்மைதான். ஆனால் அது பகலில் மேய்ச்சலுக்கு விடுவதும் இரவில் கட்டிவைப்பதும் வழக்கமாக இருந்த ஊருக்குரியது. வழக்கம் மாறினால் சட்டமும் மாறும் என்று ஃபுகஹாக்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். இழப்பீடு கட்டாயமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை தரக்கூடாது என்பதில் வேறுபாடு இல்லை. நம் தெருவில் கோழி போவதும் பகலில்தான், கருவாடு காய்வதும் பகலில்தான். ஆகவே கோழியை வைத்திருப்பவர்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது நமது கருத்து.

நாட்டுச் சட்டத்திலும் இதற்குச் சுலபமான வழி கிடையாது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் யானை, ஒட்டகம், பன்றி, ஆடு எல்லாம் இருக்கின்றன, கோழி இல்லை. பிடித்துக்கொண்டுபோய்ப் பட்டியில் அடைக்க முடியாது. அதற்காகக் கல்லால் அடிப்பதோ மருந்து வைப்பதோ கூடாது. பிறருடைய பிராணியைக் கொல்வதும் விஷம் வைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தக் கோழி ஒரு விதவைச் சகோதரியின் முட்டை வருமானமாக இருக்கலாம் என்பதையும் நினைக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? கோழி இரை தேடித்தான் போகிறது. காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் அழைத்து நம் கொல்லையிலேயே நொய்யும் தண்ணீரும் வைத்தால் பாதி அலைச்சல் குறையும். நிழலும், புரண்டு குளிக்கக் கொஞ்சம் காய்ந்த மண்ணும் வேண்டும். புதிதாக வாங்கிய கோழியை ஒரு வாரமாவது கூட்டிலேயே அடைத்துவையுங்கள். அப்போதுதான் அது நம் வீட்டைத் தன் இடமாகப் பழகும். பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே முட்டையிடுவதால், பத்து மணி வரை திறக்காமல் இருந்தால் முட்டையும் நம் வீட்டிலேயே இருக்கும். அடுத்த வீட்டு விறகு இடுக்கில் கிடக்கும் முட்டை யாருக்கு என்ற வம்பு வராது. (கோழிக்காரருக்குத்தான். எடுத்தவர் திருப்பிக் கொடுக்க வேண்டும்.)

வேலிக்கு நம்மிடம் பழைய வலை இருக்கிறது. தடித்த நூல் வலையாக, கண் சிறியதாகப் பாருங்கள். தங்கூசி வலை வேண்டாம், காலில் சிக்கி அறுத்துவிடும். ஆறடி உயரம் இருக்கட்டும். கீழ் ஓரத்தை மண்ணில் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் நுழைந்துவிடும். மேலே மூங்கிலைக் குறுக்காகக் கட்டாதீர்கள். கோழி அதில் ஏறி உட்கார்ந்து மறுபக்கம் குதிக்கும். வலை தொளதொளவென்று இருந்தால் ஏறாது. அப்படியும் பறக்கிற சிறுவிடைக் கோழிக்கு ஒரு பக்க இறக்கையில் மட்டும் நீண்ட சிறகுகளைக் கத்தரிக்கலாம். முதிர்ந்த சிறகில் வலி இல்லை, நகம் வெட்டுவது போலத்தான். இரத்தம் ஓடும் இளஞ்சிறகைத் தொடக்கூடாது. சிறகு உதிர்ந்து முளைத்தபின் மீண்டும் வெட்ட வேண்டும். ஆனால் நாயும் கீரியும் நடமாடும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். தப்பிக்க வழியில்லாமல் போகும்.

நோய் விஷயமும் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் ஒரு வீட்டுக் கோழிக்கு வந்தால், அலைகிற கோழி அதைத் தெரு முழுக்கக் கொண்டுபோகும். ஏரிக்கரையில் குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் இறங்குகின்றன. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் கோழியைக் கரைப்பக்கம் விடாதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்குக் கால்நடைத் துறை பிப்ரவரியில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம்.

வலை கிடைக்காத வீடுகள் அஸர் தொழுகைக்குப்பின் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் சொல்லிவையுங்கள். கழித்த வலை வைத்திருக்கும் படகுக்காரர்கள், கொக்கியும் ஈயக்குண்டும் நீக்கிவிட்டுக் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், தேவையான வீடுகளுக்குச் சேர்ப்போம்.