கதவைச் சாத்து, பிறகு ஜன்னலைத் திற

சிகாகோ புறநகரில் மகள் வாங்கிய வீட்டின் பேஸ்மென்ட்டில் படுக்கையறை கட்ட, கட்டட ஆய்வாளர் சம்மதிக்கவில்லையாம். "ஜன்னல் இருக்கிறது, வெளிச்சம் வருகிறது, பிறகென்ன?" என்று கோவை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆய்வாளரின் கவலை வெளிச்சம் பற்றியதல்ல. மாடிப்படியைத் தீ மறித்துக்கொண்டால், உள்ளே தூங்குகிறவர் அந்த ஜன்னல் வழியே வெளியேற வேண்டும். மூச்சுக்கருவியை முதுகில் சுமந்த தீயணைப்பு வீரர் அதே வழியே உள்ளே வர வேண்டும்.

அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதி, திறந்தபின் 5.7 சதுர அடி இடைவெளி கேட்கிறது. தரைமட்டத்தை ஒட்டியிருந்தால் 5 போதும். அகலம் 20 அங்குலத்துக்கும் உயரம் 24 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. அடிவிளிம்பு அறைத் தரையிலிருந்து 44 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பலர் ஏமாறுவது பெருக்கலில். 20-ஐ 24-ஆல் பெருக்கினால் 3.3 சதுர அடிதான் வரும். 5.7 வேண்டுமென்றால், 20 அங்குல அகல ஜன்னல் 41 அங்குலத்துக்குச் சற்று மேல் உயரமாகத் திறக்க வேண்டும். விளம்பரத்தில் போடும் அளவு ஜன்னல் சட்டத்தின் (ஃபிரேம்) அளவாக இருக்கலாம். மேலே தள்ளும் ஜன்னலில் ஏறக்குறைய பாதிதான் திறக்கும். கீல் வைத்துக் கதவுபோல் திறப்பது அநேகமாக முழுவதும் திறக்கும். சிறிய சுவருக்கு அதுவே சரி.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி: திறப்புக்கும் தீக்கும் உள்ள உறவு. நன்கு பற்றிக்கொண்ட அறையில் தீயின் அளவைத் தீர்மானிப்பது சோபாவோ மெத்தையோ அல்ல, காற்று. எரிவது மரமானாலும் துணியானாலும், உள்ளே போகும் ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் சுமார் 3 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரே திறப்பின் மேல்பகுதியில் சுடுபுகை வெளியேற, கீழ்ப்பகுதியில் குளிர்காற்று நுழைகிறது. எவ்வளவு நுழையும்? பரப்பை உயரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவுக்கு ஏற்ப. அதனால் 2 மீட்டர் உயரமும் 0.8 மீட்டர் அகலமும் கொண்ட கதவு சுமார் 3.4 மெகாவாட் தீக்குத் தீனி போடும். நம் 41 அங்குல ஜன்னல் 0.8 மெகாவாட்டுக்குத்தான்.

வரலாறு வேண்டுமென்றால்: எரிதலின் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் இணைத்தவர் தார்ன்டன், 1917-இல். திறப்பின் கணக்கு 1950-களில் ஜப்பானிய ஆய்வாளர் கவகோயே தந்தது.

விறகடுப்பை நினைத்துப் பாருங்கள். வெளியறை அடுப்பு, சோபா விறகு, படுக்கையறைக் கதவு அடுப்பின் வாய். கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலையும் திறந்தால், ஜன்னல் புகைபோக்கியாகிவிடும். புகையும் சூடும் கதவு வழியே வந்து, அறையைக் கடந்து, ஜன்னலை நோக்கி ஓடும். நீங்கள் ஜன்னலில் ஏறும்போது புகைபோக்கிக்குள்ளேயே நிற்கிறீர்கள். உங்களைத் தாண்டித்தான் மொத்தப் புகையும் போயாக வேண்டும். கதவைச் சாத்தினால் அந்த ஓட்டம் அறுந்துவிடும். அமெரிக்காவின் யு.எல். ஆய்வாளர்கள் நடத்தும் 'படுக்கும் முன் கதவைச் சாத்துங்கள்' பிரச்சாரம் சொல்வது: கதவு திறந்த அறையில் 540 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பம், மூடிய அறையில் 38 டிகிரிக்குள் நிற்கலாம்.

ஆகவே, வீட்டு விலை ஏறும் என்று சொல்லி இந்த ஜன்னலை விற்பவர்களின் பேச்சில் பாதிப் பாதுகாப்புதான் இருக்கிறது. மீதிப் பாதி, இடுக்கில்லாமல் மூடும் படுக்கையறைக் கதவு.

பொருத்தும்போது செலவு கண்ணாடியில் அல்ல, சுவரை அறுப்பதில். கான்கிரீட்டை வெட்டினால் மேலே சுமை தாங்கும் உத்தரம் வேண்டும்; அதைப் பொறியாளர் கணக்கிடட்டும். ஜன்னல் நிலமட்டத்துக்குக் கீழே என்றால் வெளியே குழி வேண்டும்: குறைந்தது 9 சதுர அடி, சுவரிலிருந்து 36 அங்குலம். ஆழம் 44 அங்குலத்தைத் தாண்டினால் ஏணியோ படியோ. குழியின் நீர் அஸ்திவார வடிகாலில் சேர வேண்டும், இல்லாவிட்டால் மழை நேரே படுக்கையறைக்குள் வரும். குழிக்கு மூடி போட்டால், சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும். சிகாகோவில் அந்த மூடிமேல் பனி குவியும். ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் பிறகு அதை வழித்துத் தள்ளிவிட்டு, உள்ளிருந்து ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள் மகளிடம்.