பாலத்தில நிக்கிறவரின் கொப்பி



இந்த வார எபிசோட்ல ஃபயர்வோல் லொக் பற்றிக் கதைக்கேக்க, "மிச்சத்தை நியூஸ்லெட்டரில எழுதுறன்" எண்டு சொல்லித் தப்பியிட்டன். இப்ப எழுதுறன். முதலே ஒண்டு சொல்லவேணும்: இது நான் பிழை விட்டுப் படிச்ச பாடம்.

நாங்கள் இருக்கிறது இல்-பிசார்ல. மொன்றியலுக்குப் பக்கத்தில ஒட்டிக்கொண்டிருக்கிற குட்டித் தீவு. வருஷம் முழுக்க வாகனம் வந்து போக ஜாக்-பிசார் பாலம்தான் வழி. கோடையில மட்டும் லவால் பக்கம் ஒரு ஃபெர்ரி ஓடும். அந்தப் பாலத்தில ஒருவர் கொப்பியோட நிக்கிறார் எண்டு நினையுங்கோ. எத்தனை மணிக்கு, எங்க இருந்து, எங்க போகுது, விட்டதோ மறிச்சதோ எண்டு ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு வரி எழுதுறார். ஃபயர்வோல் லொக் எண்டது அந்தக் கொப்பிதான். வாகனத்துக்குள்ள என்ன சாமான் இருந்தது எண்டு அதில பொதுவா இராது. ஆனால் சில ஃபயர்வோல்கள் எவ்வளவு பைட் வெளியில போனது எண்டும் எழுதும். விர்ச்சுவல் ஃபயர்வோல் எண்டால் அதே காவல்காரர், தனிப்பெட்டி இல்லாமல், ஒரு சேர்வருக்குள்ள விஎம்-ஆக ஓடுறார்.

என்ன நடந்தது

அப்பா எங்கட வீட்டு பேஸ்மெண்டில சின்னதா ஒரு கணக்கு ஒபிஸ் நடத்துறார். எங்கட ஆக்களின் வரிக் கணக்குகள்: ஒட்டாவாக்கு ஒண்டு, கெபெக்குக்கு ஒண்டு. ஏப்ரல் 30 நெருங்கினால் வீட்டில ஒருவரும் ஒழுங்கா நித்திரை கொள்ளுறதில்லை. அவருக்கு சேர்வர் பூட்டி, விர்ச்சுவல் ஃபயர்வோல் போட்டுக் குடுத்தது நான்.

அப்பிடி ஒரு ஏப்ரலில, ஃபைல் சேர்வரில எங்களுக்குத் தெரியாத ஒரு யூசர் எக்கவுண்ட் இருக்கிறதைக் கண்டன். பதறிப்போனன். ஃபயர்வோல் உட்பட எல்லா விஎம்மையும் போன ஞாயிறு எடுத்த ஸ்னாப்ஷொட்டுக்குத் திருப்பிவிட்டன். பத்து நிமிஷத்தில அந்த எக்கவுண்ட் இல்லை. "எல்லாம் சரி அப்பா" எண்டன்.

அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, ஆரும் உள்ள வந்து சனத்தின்ர சின் நம்பரை எடுத்தவங்களோ?"

அதுக்கான தடயம் லொக்கில இருந்தது. ஸ்னாப்ஷொட்டுக்குத் திருப்பினால் டிஸ்க் முழுக்கப் பின்னால போகும், லொக்கும் சேர்ந்து போகும். அந்தக் கொப்பியை நானே கிழிச்சுப் போட்டன்.

அப்பா ரெண்டு நாள் இருந்து ஒவ்வொருத்தருக்கா போன் எடுத்தார். பார்க்-எக்ஸ்டென்ஷன்ல இருக்கிற ஒரு அம்மம்மா, "அப்ப என்ர பென்ஷன் காசு போயிடுமோ?" எண்டு கேட்டா. அவரால ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது.

தெரியாது எண்டு சொல்லுறதின் விலை

கெபெக்கில சட்டம் 25-இன்படி, 2022 செப்டம்பர் 22 தொடக்கம், தனிப்பட்ட தகவல் கசிஞ்சு பாரதூரமான பாதிப்பு வரக்கூடும் எண்டால், தகவல் ஆணையத்துக்கும் சம்பந்தப்பட்ட ஆக்களுக்கும் அறிவிக்கவேணும். ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு பதிவேட்டில எழுதி, குறைஞ்சது 5 வருஷம் வச்சிருக்கவும் வேணும். சின்னக் கடை, பெரிய பாங்க் எண்ட வித்தியாசம் இல்லை. லொக் இருந்தால் "இந்த மூண்டு பேர்" எண்டு சொல்லலாம். லொக் இல்லையெண்டால் எல்லாருக்கும் போன்.

எவ்வளவு காலத்துக்கு வச்சிருக்கவேணும்? டெஜார்டானை நினையுங்கோ. 2019 ஜூன்ல வெளியில வந்த அந்தக் கசிவு, கடைசியில ஏறக்குறைய 97 லட்சம் பேரைத் தொட்டது. உள்ளுக்கு வேலை செய்த ஒருவர் குறைஞ்சது 26 மாசமாத் தகவலை எடுத்துக்கொண்டிருந்தார் எண்டு 2020 டிசம்பரில வந்த தனியுரிமை ஆணையரின் அறிக்கை சொல்லுது. ரெண்டு நாள் லொக்கை வச்சு அப்பிடி ஒண்டைப் பின்னால போய்ப் பார்க்கேலாது.

சரி, ஃபயர்வோல் தானா எவ்வளவு காலம் வச்சிருக்கும்? பிஎஃப்சென்ஸை எடுங்கோ. நீங்கள் ஒண்டும் மாத்தாட்டி ஒரு லொக் ஃபைல் ஏறக்குறைய 500 கிலோபைட் வந்தவுடன சுழலும், பழைய பிரதி 7 இருக்கும். மொத்தம் 4 மெகாபைட். ஒரு வரிக்கு 200 பைட் போட்டால் 20,000 வரி. இன்டர்நெட்டில கதவு தட்டித் திரியிற பொட்டுகளே அதைக் கெதியா நிரப்பிப்போடும். நான் ஸ்னாப்ஷொட்டைத் தொடாமல் இருந்திருந்தாலும் பழைய நாட்கள் மிஞ்சியிருக்குமோ தெரியாது. அதனால லொக்கைத் தேவை வரமுதலே வெளியில எடுக்கவேணும்.

ஏன் எஸ்எஃப்டிபி

ஃபைல் அனுப்பிற எஃப்டிபியின் முதல் வரைவை 1971-இல எழுதினவர் அபய் பூஷண். ஐஐடி கான்பூரில படிச்சு எம்ஐடிக்குப் போனவர். அந்தக் காலத்து நெட்வேர்க்கில ஒருத்தரை ஒருத்தர் தெரியும், அதனால பாஸ்வேர்ட் திறந்தபடி போனது. 1995-இல பின்லாந்தில ஒரு பல்கலைக்கழக நெட்வேர்க்கில ஆரோ பாஸ்வேர்ட்களை ஒட்டுக்கேட்டாங்கள். அங்க இருந்த டாட்டு யுலோனென் அதுக்குப் பிறகு எழுதினதுதான் எஸ்எஸ்எச். எஸ்எஃப்டிபி அந்த எஸ்எஸ்எச்சுக்குள்ளால போற ஃபைல் பாதை. பேர் ஒத்துப்போனாலும் பழைய எஃப்டிபிக்குப் பூட்டுப் போட்டது இல்லை.

"சிஸ்லொக்ல அனுப்பலாமே" எண்டு கேப்பீங்கள். அனுப்புங்கோ, நல்லது. ஆனால் வழமையான யுடிபி 514-இல மறைகுறியாக்கமும் இல்லை, வழியில விழுந்த வரி திரும்பி வராது. எஸ்எஃப்டிபியில முழு ஃபைலும் வரும்.

நான் இப்ப செய்யிறது

1. எஸ்எஸ்எச்சை உள் நெட்வேர்க் பக்கம் மட்டும் திறக்கிறன். இன்டர்நெட் பக்கம் ஒருநாளும் இல்லை. பாஸ்வேர்டுக்குப் பதிலா சாவி.

2. முதல்தரம் இணையேக்க ஒரு கைரேகை காட்டி "நம்புறியோ?" எண்டு கேக்கும். கண்ணை மூடிக்கொண்டு யெஸ் அடிக்காதீங்கோ. விஎம்மின் கொன்சோலைத் திறந்து, ரெண்டும் ஒண்டோ எண்டு பாருங்கோ.

3. லொக் சேர்க்கிற மெஷின்தான் ஃபயர்வோலிட்டப் போய் எடுக்கும், ஒவ்வொரு மணித்தியாலமும். ஃபயர்வோலுக்குள்ள ஒருத்தன் பூந்தாலும், பழைய லொக் இருக்கிற இடத்துக்குச் சாவி அங்க கிடையாது. பல ஃபயர்வோல்களில லொக்கை ரூட் மட்டும்தான் வாசிக்கலாம், அதனால சாவி இருக்கிற மெஷினில வேற ஒரு வேலையும் செய்யிறதில்லை.

4. வந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்எச்ஏ-256 எடுத்து வைக்கிறன். பிறகு ஆரும் மாத்தினால் தெரியும். ஃபயர்வோலின் மணிக்கூட்டை என்டிபியோட பூட்டிவையுங்கோ. நிறுத்தி எழுப்பின விஎம்முக்கு நேரம் பிசகும்.

5. ஒரு பிரதி லவாலில அண்ணா வீட்டில. 2017-லயும் 2019-லயும் ஆறு பெருகி இல்-பிசார் பேஸ்மெண்டுகளுக்குள்ள தண்ணி வந்ததை இஞ்ச ஒருத்தரும் மறக்கேல்லை.

ஒரு சின்னத் தடங்கல் வரலாம். 2022 ஏப்ரலில வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 தொடக்கம் எஸ்சிபி கட்டளையும் உள்ளுக்கு எஸ்எஃப்டிபியைத்தான் பாவிக்குது. எஸ்எஃப்டிபி தெரியாத பழைய ஃபயர்வோல் எண்டால் எடுக்கேலாது எண்டு எரர் வரும். பெரிய எழுத்து "ஓ" ஆப்ஷன் போட்டால் பழைய முறையில போகும்.

கடைசியா, பதறேக்க செய்யிற ஒழுங்கு: முதல் லொக்கை வெளியில எடு. பிறகு இப்ப இருக்கிற நிலையை அப்பிடியே புது ஸ்னாப்ஷொட் எடு. அதுக்குப் பிறகுதான் பழையதுக்குத் திருப்பு. இதைப் பேப்பரில எழுதி சேர்வரில ஒட்டி வச்சிருக்கிறன், ஏனெண்டால் அந்த நேரத்தில மூளை வேலை செய்யாது.

உங்கட அம்மா அப்பாவின் கடையிலயோ ஒபிஸிலயோ கொம்பியூட்டர் பார்க்கிறது நீங்கள்தான் எண்டு எனக்குத் தெரியும். இந்த சனி ஞாயிறு ஃபயர்வோலைத் திறந்து, ஆகப் பழைய லொக் வரியின் திகதியைப் பாருங்கோ. என்ன திகதி எண்டு எங்களுக்கும் எழுதி அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்ல கதைப்பம்.