காதலா, துரோகமா? ஒரு ‘டின்னர்’ நாவல் வாசகர்களை இரண்டாகப் பிரித்தது ஏன்?

துப்பாக்கிச் சண்டை இல்லை. கார் துரத்தல் இல்லை. கலிஃபோர்னியா கடற்கரையில் கார்மெல் என்ற சின்ன ஊர், அங்கே ஓர் உணவகம், எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் ஓர் ஆணும் பெண்ணும். ஒரு காலத்தில் காதலர்கள். அதே காலத்தில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-வின் வியன்னா பிரிவில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். ஒயின் வருகிறது, சாப்பாடு வருகிறது, பேச்சு நீள்கிறது. முன்னூறு பக்கத்தை ஒட்டிய நாவலில் நிகழ்காலத்தில் நடப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

அமெரிக்க எழுத்தாளர் ஒலென் ஸ்டைன்ஹவர் 2015-ல் வெளியிட்ட ‘ஆல் தி ஓல்டு நைவ்ஸ்’ நாவல் இது. கிறிஸ் பைன், தாண்டிவே நியூட்டன் நடிப்பில் 2022 ஏப்ரலில் பிரைம் வீடியோவில் படமாகவும் வந்தது. திரைக்கதையை எழுதியதும் ஸ்டைன்ஹவர்தான். புத்தகம் வந்து பத்து வருடம் தாண்டியும் வாசகர்கள் ஒரு கருத்துக்கு வந்தபாடில்லை. ஒரே ராத்திரியில் படித்து முடித்ததாகச் சொல்கிறவர்கள் ஒரு பக்கம். பாதியிலேயே மூடி வைத்துவிட்டதாகச் சொல்கிறவர்கள் இன்னொரு பக்கம். முடிவைப் படித்துவிட்டுக் கோபப்பட்டவர்கள் மூன்றாவது ரகம். இந்த மூன்றாவது ரகத்தைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

சரி, கதை என்ன?

2006. வியன்னா விமான நிலையத்தில் கடத்தப்பட்ட பயணிகள் விமானம் ஒன்று நிற்கிறது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். சிஐஏ-வுக்கு வேண்டப்பட்ட ஒருவரும் அதே விமானத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே நடப்பதை அவர் ரகசியமாக வெளியே சொல்கிறார். திடீரென அந்தத் தகவல் நின்றுபோகிறது. கடைசியில் விமானத்தில் இருந்த எல்லோரும் இறந்துபோகிறார்கள். அமெரிக்கத் தூதரகத்துக்கு உள்ளே இருந்தே யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் எழுகிறது. ஆனால், யார் என்பது தெரியவில்லை.

அந்தச் சம்பவத்தோடு சீலியா வேலையை விட்டு விலகுகிறார். தன்னைவிட வயதில் மூத்த ஒருவரைத் திருமணம் செய்து, இரண்டு குழந்தைகளோடு கார்மெலில் குடியேறிவிடுகிறார். ஹென்றி வேலையில் தொடர்கிறார். ஐந்தாறு வருடம் கழித்து, பழைய கோப்பை ஒருவழியாக மூடிவிடலாம் என்ற பெயரில் சீலியாவைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். வந்தது விசாரணைக்கா, விட்டுப்போன காதலுக்கா என்பது அவருக்கே தெளிவில்லாத மாதிரிதான் கதை தொடங்குகிறது. ஒரு பகுதியை ஹென்றி சொல்கிறார், அடுத்த பகுதியை சீலியா சொல்கிறார். ஒரே மேசை, ஒரே சாப்பாடு, ஆனால் இரண்டு கணக்கு.

இந்த யோசனை ஸ்டைன்ஹவருக்கு வந்தது ஓர் உளவுக் கதையில் இருந்து அல்ல. ஆங்கிலக் கவிஞர் கிறிஸ்டோஃபர் ரீட் எழுதிய ‘தி சாங் ஆஃப் லன்ச்’ என்ற நெடுங்கவிதையை பிபிசி 2010-ல் படமாக எடுத்தது. பிரிந்துபோன காதலர்கள் பல வருடம் கழித்து லண்டனின் சோஹோ பகுதியில் ஓர் உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்குச் சந்திக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆலன் ரிக்மனும் எம்மா தாம்சனும் நடித்தார்கள். அதைப் பார்த்தபோது, ஒரு முழு உளவுக் கதையையும் இப்படிச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிட முடியுமா என்று ஸ்டைன்ஹவருக்குத் தோன்றியது. ஆக, நாவலின் வேரே பிரிந்த காதலில்தான் இருக்கிறது. உளவு பிறகு வந்து சேர்ந்தது. வாசகர்கள் பிரிந்து நிற்பதற்கான காரணமும் கிட்டத்தட்ட இங்கேயே கிடைத்துவிடுகிறது.

ரொம்ப மெதுவா போகுதா?

அதிகம் காதில் விழும் குறை இதுதான். உளவு நாவல் என்றால் நாலு நாடு, ரெண்டு கொலை, ஒரு தப்பித்தல் என்று பழகியவர்களுக்கு இந்தப் புத்தகம் சப்பென்றுதான் இருக்கும். அதில் வாதாட ஒன்றும் இல்லை, அது அவரவர் ருசி. ஹென்றி, சீலியா இரண்டு பேரின் குரலும் பல இடங்களில் ஒன்றுபோலவே ஒலிக்கிறது என்ற குறையில் நியாயம் அதிகம். அத்தியாயத்தை நடுவில் திறந்து படித்தால் பேசுவது யார் என்று பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு பார்வை என்று சொல்லிவிட்டு ஒரே குரலில் பேசினால் வாசகர் சலிப்படையத்தான் செய்வார்.

இன்னொரு புகாரும் உண்டு. “கதை சொல்கிறவரே நம்மிடம் மறைக்கலாமா?” என்பது அது. ‘நான்’ என்று பேசுகிற பாத்திரம் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருப்பது அழுகுணி ஆட்டம் என்கிறார்கள். இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. அகதா கிறிஸ்டி 1926-ல் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்டு’ எழுதியபோதே இதற்காகத் திட்டு வாங்கினார். 1929-ல் ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார், துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தபோது, துப்பறிபவரின் நண்பர் தன் மனதில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்று அதையும் ஒன்றாகச் சேர்த்தார். ஆனால், ‘ஆல் தி ஓல்டு நைவ்ஸ்’ விஷயத்தில் ஒன்றை யோசிக்கலாம். இங்கே பேசுகிற இரண்டு பேருக்கும் மறைப்பதுதான் தொழில். எதிரில் இருப்பவரிடம் மட்டுமில்லை, தனக்குத்தானே கூடப் பொய் சொல்லிப் பழகியவர்கள். அவர்கள் வாசகரிடம் மட்டும் மனம் திறந்து கொட்டியிருந்தால்தான் அது பொய்யாக இருந்திருக்கும்.

கோபம் எங்கிருந்து வருது?

(நாவலைப் படிக்கவோ படத்தைப் பார்க்கவோ நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். பெயர் சொல்லவில்லை என்றாலும் முடிச்சின் ஒரு நுனி இங்கே வெளியே தெரியும்.)

காட்டிக்கொடுத்தவர் பணத்துக்காகச் செய்யவில்லை. கொள்கைக்காகவும் இல்லை. தான் நேசித்த ஒருவரின் உயிருக்கு மிரட்டல் வந்தது. அந்த ஓர் உயிரைக் காப்பாற்ற, விமானத்தில் இருந்தவர்களின் கடைசி நம்பிக்கையை அவர் விற்றுவிட்டார்.

காதல் கதைகளில் ‘உனக்காக உலகத்தையே எரிப்பேன்’ என்கிற நாயகனுக்குத் தனி மவுசு உண்டு. படிக்கிறபோது புல்லரிக்கும். ஸ்டைன்ஹவர் செய்தது என்னவென்றால், அந்த வசனத்துக்கு விலைச்சீட்டு ஒட்டிவிட்டார். எரிவது ‘உலகம்’ இல்லை, இருக்கை எண் உள்ள பயணிகள். குழந்தைகளும் அதில் உண்டு. இருநூறு பக்கத்துக்கு மேல் ‘இவங்க ரெண்டு பேரும் சேர்ந்துட மாட்டாங்களா’ என்று ஏங்கிக்கொண்டிருந்த வாசகரிடம், ‘இப்பவும் அதே ஆசை இருக்கா?’ என்று கேட்கிறது கதை. சிலருக்கு இருக்கிறது. சிலருக்கு அப்படி ஆசைப்பட்டதே குற்ற உணர்ச்சியாகிவிடுகிறது. கோபம் அங்கிருந்துதான் வருகிறது. அது புத்தகத்தின் தோல்வியாகத் தெரியவில்லை, குறி தப்பாமல் பட்டதன் அடையாளமாகத்தான் தெரிகிறது.

சீலியா மீதான விமர்சனமும் இதோடு ஒட்டியே வருகிறது. கெட்டிக்கார உளவாளியாக இருந்த ஒரு பெண், தாயானதும் பழைய வாழ்க்கையை அப்படியே கழற்றி வைத்துவிடுவாரா என்பது பலருக்கு உறுத்தல். அவர் அதை எவ்வளவு கழற்றி வைத்திருக்கிறார் என்பது, அந்த டின்னர் முடியும்போதுதான் தெரியவரும்.

வியன்னா ஏன்?

கதை நடக்கும் ஊர் சும்மா அழகுக்காகத் தேர்ந்தெடுத்தது இல்லை. ஆஸ்திரியாவின் சட்டம் நெடுங்காலமாக, தன் நாட்டுக்கு எதிரான உளவை மட்டுமே குற்றமாகப் பார்த்து வந்தது. அதனால், மற்ற நாடுகள் ஒன்றை ஒன்று வேவு பார்க்க வசதியான ஊராக வியன்னா மாறியது. 1975 டிசம்பரில் கார்லோஸ் தலைமையிலான கும்பல் அங்கிருந்த ஓபெக் தலைமையகத்துக்குள் புகுந்து எண்ணெய் அமைச்சர்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தது. 1985 டிசம்பர் 27-ல் வியன்னா விமான நிலையத்திலேயே துப்பாக்கிச் சூடும் குண்டு வீச்சும் நடந்தன. நாவலில் வரும் கடத்தல் கற்பனைதான். ஆனால், அந்த ஊருக்கு அது அந்நியமானது இல்லை.

நாவல் வருவதற்கு ஐந்து வருடம் முன்பு, 2010 ஜூலை 9 அன்று, அதே விமான நிலையத்தில் உண்மையான உளவாளிகள் கைமாறினார்கள். அமெரிக்காவில் பிடிபட்ட 10 ரஷ்ய உளவாளிகள் ஒரு பக்கம், ரஷ்யச் சிறையில் இருந்த 4 பேர் மறுபக்கம். அந்தப் பத்துப் பேரில் ஒரு தம்பதி, ஆந்த்ரே பெஸ்ருகோவும் எலெனா வாவிலோவாவும். சோவியத் காலத்திலேயே கணவன் மனைவி. ஆனால், கனடா நாட்டுக்காரர்கள் என்ற போலி அடையாளத்துக்காக, முன்பின் தெரியாதவர்கள் போலச் சந்தித்து, காதலித்து, மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் ‘ஓவரா இருக்கே’ என்று ஒதுக்கியிருப்போம். பெற்றோரின் உண்மைப் பெயர்கூடத் தங்களுக்குத் தெரியாது என்று அவர்களின் இரண்டு மகன்களும் பிறகு சொன்னார்கள். ஓய்வுக்குப் பிறகு வாவிலோவா என்ன செய்தார் தெரியுமா? தன் வாழ்க்கையை ஒட்டி, இன்னொருவரோடு சேர்ந்து 2019-ல் ஒரு நாவல் எழுதினார்.

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் இருந்தார். சிஐஏ-வில் 33 வருடம் வேலை பார்த்த ஜேசன் மேத்யூஸ், ஓய்வு பெற்ற பிறகு 2013-ல் ‘ரெட் ஸ்பேரோ’ எழுதினார். ரஷ்ய உளவாளிப் பெண்ணுக்கும் அமெரிக்க அதிகாரிக்கும் நடுவே வரும் காதல்தான் கதை. அவருடைய மனைவியும் சிஐஏ-காரர்தான். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு சமையல் குறிப்பு வேறு இருக்கும். அதை ரசித்தவர்களும் உண்டு, ‘இது எதுக்கு இங்க?’ என்று தலையில் அடித்துக்கொண்டவர்களும் உண்டு.

ரொமான்ஸ் வாசகர் கேட்பது என்ன?

காதல் நாவல் என்பதற்கு அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர்கள் சங்கம் வைத்திருக்கும் வரையறை இரண்டே அம்சம் கொண்டது. கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். ‘ரொமான்டிக் சஸ்பென்ஸ்’ என்ற பிரிவு இந்த வரையறைக்குள் நின்றுகொண்டு ஆபத்தைச் சேர்க்கிறது. யார் சுட்டாலும், யார் துரத்தினாலும் கடைசிப் பக்கத்தில் இருவரும் சேர்ந்திருப்பார்கள் என்ற உத்தரவாதத்தோடுதான் வாசகர் பயப்படுகிறார். உளவு நாவல் வாசகர் அப்படி இல்லை. ஜான் லெ காரே 1963-ல் ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்டு’ கதையை பெர்லின் சுவரில் கொண்டுபோய் முடித்ததில் இருந்து, அந்தப் பக்கத்து வாசகர்கள் ‘காதல் வந்தா யாரோ சாகப்போறாங்க’ என்று புரிந்துகொண்டே படிக்கிறார்கள். ‘ஆல் தி ஓல்டு நைவ்ஸ்’ அட்டையைப் பார்த்து இந்த இரண்டு கூட்டமும் வந்துவிட்டது. இருவருக்கும் ஒரே முடிவு பிடிக்க வழியே இல்லை.

இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்த ஒருவர் டெஸ் கெரிட்சன். மருத்துவரான அவர் 1987-ல் எழுதிய முதல் புத்தகம் ‘கால் ஆஃப்டர் மிட்நைட்’. புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு, கணவர் இறந்துவிட்டதாக நடுராத்திரியில் போன் வருகிறது. அந்தக் கணவர் உண்மையில் யார் என்று தேடப்போனால் உளவு வலை விரிகிறது. அசல் ரொமான்டிக் சஸ்பென்ஸ். 36 வருடம் கழித்து, 2023-ல் அவர் எழுதிய ‘தி ஸ்பை கோஸ்ட்’ நாவலில் நாயகி மேகி பேர்டுக்கு வயது அறுபதை ஒட்டி. ஓய்வுபெற்ற சிஐஏ அதிகாரி, இப்போது மெய்ன் மாநிலத்தில் கோழி வளர்க்கிறார். வீட்டு வாசலில் ஒரு பிணம் கிடக்க, பழைய வாழ்க்கையும் பழைய காதலும் தேடி வருகின்றன. கெரிட்சன் வசிக்கும் ஊரில் ஓய்வுபெற்ற சிஐஏ-காரர்கள் பலர் குடியிருப்பதைக் கண்டதில் பிறந்த கதை இது.

இங்கேயும் வாசகர்கள் பிரிந்தார்கள். ஆனால், வேறு கோட்டில். ஓய்வுபெற்ற உளவாளிகள் ஒன்றுகூடி மார்டினி குடித்துக்கொண்டே துப்பு துலக்குவது பலருக்குப் பிடித்துப்போனது. நடுவே வரும் பாங்காக் காதல், கதையின் வேகத்தை இழுத்துப் பிடிப்பதாகச் சிலர் முணுமுணுத்தார்கள். இன்னும் சிலருக்கோ அந்தக் காதல்தான் புத்தகமே. மேகிக்கும் அன்பு வைத்ததற்கான விலை பெரிதாகவே விழுகிறது. ஆனால், அந்த விலையைச் சுமக்க அவருக்குப் பக்கத்தில் நாலு நண்பர்கள் இருக்கிறார்கள். கார்மெல் உணவகத்தில் ஹென்றிக்கும் சீலியாவுக்கும் அப்படி யாரும் இல்லை.

மேகியின் கூட்டம் 2025-ல் ‘தி சம்மர் கெஸ்ட்ஸ்’ நாவலில் மீண்டும் வந்தது. கார்மெல் மேசைக்கு ஸ்டைன்ஹவர் இரண்டாம் பாகம் எழுதவில்லை. அந்த டின்னரை ஒருமுறை படித்தவர்கள், இன்னொரு முறை அங்கே போய் உட்கார ஆசைப்படுவார்களா என்பதும் சந்தேகம்தான்.