சாதனங்களுக்கு இடும் கட்டளை

திருவனந்தபுரம் தலைமை அஞ்சலகத்தின் குறியீட்டு எண் 695001. இதில் முதல் இலக்கமான 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். 695 திருவனந்தபுரத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தையும் குறிக்கும்.

கணினி தன் சாதனங்களுக்கு இடும் கட்டளைகளும் இவ்வாறு பகுத்து எழுதப்பட்ட எண்களே. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கட்டளை 32 பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 என்னும் 32 இலக்கங்கள் கொண்டது. பொதுவாக 2 பிட்டுகள் தரவு செல்லும் திசையையும், 14 தரவின் அளவையும், 8 சாதன வகையையும், 8 கட்டளையின் வரிசை எண்ணையும் உணர்த்தும். கேமராவுக்குரிய வகை எண் 86.

விண்டோஸ் இயங்குதளத்திலும் கட்டளை 32 பிட்டுகளே. ஆனால் சாதன வகைக்கு மட்டும் 16 பிட்டுகள். எனவே ஒரு தளத்தின் கட்டளை மற்றொரு தளத்திற்குப் பொருந்தாது. கட்டளையைப் பெற்றுச் சாதனத்தை இயக்கும் மென்பொருள் ‘இயக்கி’ எனப்படும். அது ஒவ்வொரு தளத்திற்கும் தனியே தேவை.

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் நிறுவனம், கேரளப் பள்ளிகளுக்கு லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளத்தை வழங்குகிறது. விண்டோஸ் இயக்கி மட்டுமே உள்ள கேமரா அங்குப் பயன்படாது. ஆகவே கருவி வாங்குவோர் விலையோடு, தம் தளத்திற்கு ஏற்ற இயக்கி உண்டா என்பதையும் அறிந்து வாங்குதல் வேண்டும்.