கோடும் ஆட்டத்துக்குள்தான்

1981 மே 27, சியாட்டில் நகரின் கிங்டோம் அரங்கில் ஒரு பேஸ்பால் ஆட்டம். கான்சஸ் சிட்டி ராயல்ஸின் ஏமோஸ் ஓட்டிஸ் அடித்த பந்து மூன்றாம் பேஸ் கோட்டையொட்டி மெல்ல உருண்டு வந்தது. சியாட்டில் வீரர் லென்னி ராண்டில் அதை எடுக்கவில்லை. தரையோடு தரையாகப் படுத்து ஊதினார். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. முதலில் ஃபவுல் (வெளியே) என்ற நடுவர், எதிரணி மேலாளர் வாதாடியபின் ஃபேர் (உள்ளே) என்று மாற்றினார்.

ராண்டில் ஊதியதற்குக் காரணம் பேஸ்பால் விதியிலேயே இருக்கிறது. பந்தடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து செங்கோணத்தில் பிரியும் இரு கோடுகளுக்கு இடைப்பட்டது ஃபேர் பகுதி. ஹோம் பிளேட்டுக்கும் முதல் அல்லது மூன்றாம் பேஸுக்கும் நடுவே உருளும் பந்து முதலில் எங்கே விழுந்தது என்பதை நடுவர் பார்ப்பதில்லை. அது எங்கே நிற்கிறது, அல்லது ஒருவர் தொட்ட கணத்தில் எங்கே இருந்தது என்பதே கணக்கு. வெளியே போன பந்து சுழன்று உள்ளே வந்து நின்றாலும் ஃபேர்தான். கோட்டுக்குள் இருந்த பந்தை ராண்டில் தொட்டிருந்தால், அந்தக் கணமே அது ஃபேர் ஆகியிருக்கும்.

பேஸைக் கடந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. தரையில் துள்ளிப் போகும் பந்து பேஸில் பட்டாலோ, பேஸைக் கடக்கும்போது உள்ளே இருந்தாலோ, பிறகு எங்கே ஓடினாலும் ஃபேர். உயரப் பறந்து பேஸுக்கு அப்பால் இறங்கும் பந்துக்கு, அது முதலில் விழும் இடமே தீர்ப்பு. பிடிக்க வரும் வீரரின் கால் எங்கே இருக்கிறது என்பது பொருட்டே அல்ல.

 பேஸ்பாலில் கோடு, முதல் பேஸ், மூன்றாம் பேஸ், வேலியருகே நிற்கும் கம்பம் எல்லாமே ஃபேர் பகுதியைச் சேர்ந்தவை. 1975 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் கார்ல்டன் ஃபிஸ்க் அடித்த பந்து கம்பத்தில் மோதியதால் ஹோம் ரன் ஆனது.

ஃபேர் என்றால் நடுவர் வாய் திறக்காமல் உட்புறம் கைகாட்டுவார். ஃபவுல் என்றால் இரு கைகளையும் உயர்த்திக் கத்துவார். அத்தோடு ஆட்டம் நின்றுவிடும், ஓடியவர்கள் திரும்ப வேண்டும். ஆகவே அவசரப்பட்டுச் சொல்லும் ஃபவுல்தான் பெரிய ஆபத்து. 2009இல் யாங்கீ ஸ்டேடியத்தில் மினசோட்டாவின் ஜோ மவர் அடித்த பந்து கோட்டுக்குள் விழுந்தும் ஃபவுல் ஆனது. அது தவறு என்று நடுவர் குழு பின்னர் ஒப்புக்கொண்டது. பேஸ் நடுவர்களுக்கு அப்பால் விழும் பந்துகளின் தீர்ப்பை வீடியோவில் மறுஆய்வு செய்யும் வசதி 2014இல்தான் வந்தது. அதற்கு முன் நடுவரின் கண்களே தீர்ப்பு.