தாடை ஆபரேஷனுக்கு முன்பு பல்லுக்கு கம்பி போடணுமா? பாதியில் நிறுத்தினால் சிக்கல்!

சின்னசேலம்,

கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டு இருக்கிறது. வாயை மூடினால் கீழ்ப்பல் வெளியேயும் மேல்பல் உள்ளேயும் நிற்கிறது. கறித்துண்டை முன்பல்லால் கடித்து இழுக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு வழியாக மனதை தேற்றிக்கொண்டு டாக்டரிடம் போனால், "ஆபரேஷன் செஞ்சா சரியாயிடும். ஆனா அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் பல்லுக்கு கம்பி போடணும்" என்கிறார்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. கோணலாக இருப்பது தாடை எலும்பு. அதற்கு பல்லில் எதற்கு கம்பி? நேரடியாக ஆபரேஷன் செய்யக்கூடாதா? சின்னசேலம், கல்வராயன்மலை பக்கம் இருந்து மாதா மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வெளியூர் ஆஸ்பத்திரிக்கு போய் வரவேண்டியவர்களுக்கு இது சின்ன கேள்வி இல்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சாய்ந்த நிலைவாசல்

வீட்டு நிலைவாசல் சாய்ந்து போனால் ஆசாரி என்ன செய்வார்? கதவை ஒரு ஓரம் செதுக்கி எப்படியோ மூடும்படி செய்து விடுவார். பிறகு ஒரு நாள் நிலையை நிமிர்த்தினால், செதுக்கிய கதவு அதில் பொருந்தாது.

பல்லும் அப்படித்தான். கீழ்த்தாடை நீண்டு போனால், எப்படியாவது சாப்பிட வேண்டுமே என்று கீழ்ப்பற்கள் தானாகவே நாக்கு பக்கம் சாய்ந்து கொள்ளும். மேல்பற்கள் உதட்டு பக்கம் சாயும். இதனால் எலும்பில் 8 மி.மீ. கோளாறு இருந்தாலும் பல்லில் 3 மி.மீ.தான் தெரியும். அந்த நிலையில் ஆபரேஷன் செய்தால் 3 மி.மீ. தள்ளியதுமே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் தாடையை பின்னால் கொண்டு போக முடியாது. அவ்வளவு பெரிய ஆபரேஷன் செய்தும் முகவாய் பழையபடி துருத்திக்கொண்டுதான் இருக்கும்.

அதனால்தான் முதலில் கம்பி போட்டு, சாய்ந்த பற்களை அதனதன் இடத்தில் நிமிர்த்துகிறார்கள். இதற்கு பெரும்பாலும் 1 முதல் 1½ வருடம் ஆகும். ஆபரேஷன் நடக்கும்போதும் கம்பி வாயில்தான் இருக்கும். தாடையை சரியான இடத்தில் பிடித்துக் கட்ட அது தேவை. அதன் பிறகும் 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை கம்பி தொடரும்.

முன்பை விட மோசமாக தெரியும்!

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பற்களை நிமிர்த்த நிமிர்த்த, மறைந்திருந்த கோளாறு முழுசாக வெளியே வரும். கம்பி போட்ட சில மாதங்களில் முகம் முன்பை விட கோணலாக தெரியும். கடிப்பதும் கஷ்டமாகும். "டாக்டர் கெடுத்து விட்டார்" என்று வீட்டில் பேச்சு கிளம்பும். அந்த நேரம் பார்த்து பெண் பார்க்க வருவார்கள்.

பயந்து போயோ, காசு இல்லாமலோ பாதியில் நின்று விட்டால், ஆரம்பத்தில் இருந்ததை விட மோசமான பல்லோடு காலம் தள்ள வேண்டியதுதான். ஆகவே ஆபரேஷனுக்கு மனமும் பணமும் தயாராக இல்லை என்றால், அதற்காக கம்பி போட ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது.

ஆபரேஷன் வேண்டாம், கம்பி மட்டும் போதும் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. கோளாறு லேசாக இருந்தால் அது தப்பில்லை. ஆனால் அந்த வைத்தியத்தில் பல்லை நகர்த்தும் திசையே வேறு. கீழே 2 பல்லை பிடுங்கி, கீழ்ப்பற்களை இன்னும் உள்ளே சாய்ப்பார்கள். ஆபரேஷனுக்கு தயார் செய்யும்போது அதற்கு நேர் எதிர். பல்லை பிடுங்கிய பிறகு மனசு மாறினால், மூடிய இடைவெளியை மறுபடி திறக்க வேண்டி வரும். ஆக, பிடுங்கும் முன்பே கம்பி டாக்டரும் தாடை சர்ஜனும் சேர்ந்து பார்த்து திட்டம் போட்டிருக்க வேண்டும்.

முதலில் ஆபரேஷன்

1960-கள் வரை உலகத்தில் பெரும்பாலும் கம்பி போடாமல் அல்லது கம்பிக்கு முன்பே தாடை ஆபரேஷன் செய்தார்கள். பிறகுதான் 'முதலில் கம்பி' முறை வழக்கமானது. இப்போது பழைய வரிசை புது உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. 'சர்ஜரி பர்ஸ்ட்' என்ற இந்த முறை, 2009-ல் ஜப்பான் டாக்டர்கள் எழுதிய பிறகு பரவலாக பேசப்பட்டது. முகம் முதலிலேயே சரியாகி விடும். ஆபரேஷன் முடிந்த சில மாதங்களுக்கு எலும்பில் மாற்றம் வேகமாக நடப்பதால் பல்லும் சீக்கிரம் நகரும். மொத்த காலமும் குறையும்.

ஆனால் இதில் கம்பியே கிடையாது என்று நினைத்தால் தப்பு. ஆபரேஷனுக்கு பிறகு கம்பி கட்டாயம். பல் வரிசை ஓரளவு நேராக, நெருக்கடி இல்லாமல் இருப்பவர்களுக்குத்தான் இது ஒத்துவரும். பல் பின்னிக்கிடந்தால் பழைய முறைதான்.

வயசு

அவசரப்படக்கூடாத இன்னொரு விஷயம் வயசு. பெண்களுக்கு 16, 17 வரைக்கும், ஆண்களுக்கு 18, 20 வரைக்கும் கீழ்த்தாடை வளரும். சிலருக்கு அதற்கு பிறகும் கொஞ்சம் வளரும். வளர்ச்சி நிற்கும் முன் ஆபரேஷன் செய்தால் தாடை மறுபடி முன்னால் வந்து விடலாம். சில மாத இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆபரேஷன் முழு மயக்கத்தில் நடக்கும். வாய்க்குள்ளேயே வெட்டுவதால் பெரும்பாலும் முகத்தில் தழும்பு தெரியாது. எலும்பை டைட்டானியம் தகடு வைத்து திருகுவார்கள். கீழ் உதடு, முகவாய் மரத்துப்போகும். பலருக்கு சில மாதங்களில் உணர்ச்சி திரும்பும். சிலருக்கு கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகவே தங்கி விடும். இதை கேட்டு தெரிந்துகொண்டுதான் கையெழுத்து போட வேண்டும். முதலில் கஞ்சி, கூழ், பால். பிறகு குழைந்த சாதம். மூட்டை தூக்குகிறவர்கள், கரும்பு வெட்டுக்கு போகிறவர்கள் ஒன்றரை மாதமாவது வேலையை மறந்து விட வேண்டும்.

எங்கே போவது?

கம்பி டாக்டரும் தாடை சர்ஜனும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது பல் மருத்துவக்கல்லூரிகளில்தான். சின்னசேலத்தில் ரெயில் ஏறி விருத்தாசலம் போனால் அங்கிருந்து சிதம்பரம் பக்கம். முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக்கல்லூரி என்று இருந்தது இப்போது அரசு கல்லூரி. சென்னையில் 1953-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக்கல்லூரி இருக்கிறது. முதல்-அமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், கம்பிக்கு எவ்வளவு, ஆபரேஷனுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக முதல் நாளே காப்பீட்டு கவுண்டரில் கேட்டு விட வேண்டும்.

எக்ஸ்ரே, பல் அச்சு, போட்டோ, சிகிச்சை சீட்டு எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வாங்கி வீட்டில் வைத்திருப்பது நல்லது. நடுவில் வேலைக்காக திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போக நேர்ந்தால், அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.