ஸ்பீடோமீட்டர் முள் படுத்துட்டா, முதல்ல மீட்டர்மேல பழி போடாதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட் பழைய கார் வச்சிருக்கவங்களுக்கு. பழைய கார் ஒண்ணு வாங்கலாம்னு பட்ஜெட் போட்டுட்டு இருக்கவங்களுக்கும்தான். வண்டி நல்லா ஓடுது, ஆனா ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்துலயே படுத்திருக்கு. இது ஏன் நடக்குது, எப்படிக் கண்டுபிடிக்கிறது, சென்சார்தான் போச்சுன்னா எப்படி மாத்துறது, இதுதான் விஷயம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். முள் நின்னா மீட்டர் போச்சுன்னு அர்த்தம் இல்ல. சக்கரத்துல இருந்து முள் வரைக்கும் ஒரு சங்கிலி இருக்கு, அதுல எந்தக் கண்ணி அறுந்துச்சுன்னு பார்த்துட்டுத்தான் பர்ஸைத் திறக்கணும்.

வேகம் முள்ளுக்கு எப்படி வருது?

ரொம்ப பழைய வண்டிகள்ல கியர் பாக்ஸ்ல இருந்து டேஷ்போர்டு வரைக்கும் ஒரு கேபிள் போகும். உள்ள ஒரு கம்பி சுத்தும். மீட்டருக்குள்ள ஒரு காந்தம் சேர்ந்து சுத்தி, பக்கத்துல இருக்கிற உலோகக் கிண்ணத்தை இழுக்கும், முள் நகரும். ஓட்டோ ஷுல்ட்சே 1902-ல ஜெர்மனியில காப்புரிமை வாங்கின ஐடியா இது.

அப்புறம் வந்த வண்டிகள்ல அந்தக் கேபிளுக்குப் பதிலா மின்சாரம். கியர் பாக்ஸ் மேல கட்டைவிரல் சைஸ்ல ஒரு பிளாஸ்டிக் உருப்படி செருகியிருக்கும். அதுதான் ஸ்பீட் சென்சார். அதோட அடியில ஒரு குட்டி பல்சக்கரம். வண்டி நகர்ந்தா அது சுத்தும், அதோட சேர்ந்து உள்ள ஒரு காந்தம் சுத்தும். காந்தம் கடந்து போறதை ஒரு சின்ன சிப் உணர்ந்து மின் துடிப்பா மாத்தும். 1879-ல எட்வின் ஹால் கண்டுபிடிச்ச 'ஹால் விளைவு'தான் இதுக்கு அடிப்படை.

ஜப்பான் தரத்தைப் பின்பற்றுற பல வண்டிகள்ல ஒரு கிலோமீட்டருக்கு இந்தத் தண்டு 637 சுத்து சுத்தும். ஒரு சுத்துக்கு 4 துடிப்புன்னா, கிலோமீட்டருக்கு 2,548 துடிப்பு. நீங்க 60-ல போனா நொடிக்கு 42 தடவைக்கு மேல சென்சார் 'வந்துட்டேன், வந்துட்டேன்'னு சொல்லிட்டே இருக்கு. மீட்டர் அதை எண்ணி முள்ளை நகர்த்துது. ஓடோமீட்டரும் அதே துடிப்பைத்தான் கூட்டிக்கிட்டே போகுது.

முள் மட்டும் போனா பரவாயில்லையே?

"கூகுள் மேப்ஸ்லயே ஸ்பீடு தெரியுதே"ன்னு கேக்கறீங்க இல்ல? நியாயமான கேள்விதான். ஆனா அந்தத் துடிப்பு மீட்டருக்கு மட்டும் போறதில்ல. பல வண்டிகள்ல எஞ்சினோட கம்ப்யூட்டர், அதாவது இசியூவுக்கும் போகுது.

ஆக்சிலரேட்டர்ல இருந்து கால் எடுத்துட்டு சிக்னலை நோக்கி உருண்டு வர்றீங்க. வண்டி இன்னும் நகருதா, நின்னுடுச்சான்னு தெரிஞ்சாதான் இசியூ ஐடிலை ஒழுங்கா பிடிக்கும். தகவல் வரலைன்னா சில வண்டிகள்ல ஆர்பிஎம் ஒரேயடியா விழுந்து எஞ்சின் ஆஃப் ஆயிடும்.

ஆஃப் ஆனா பவர் ஸ்டீயரிங் உதவி போயிடும், ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடும். பிரேக் பூஸ்டர்ல சேமிச்சிருக்கிற வேக்யூம் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பிரேக்கும் கனமாயிடும். இது பார்க்கிங்ல நடந்தா தொல்லை. மேம்பாலத்துல இறங்கும்போது நடந்தா ஆபத்து. பின்னாடி பஸ் வந்துட்டு இருக்கும், மறந்துடாதீங்க.

சட்டமும் இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல விதி 117 ஸ்பீடோமீட்டர் பத்திதான். அதிவேகத்துக்குப் பிடிச்சா காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரைக்கும் அபராதம். 'முள் ஓடல சார்'ங்கிறது அங்க பதிலா செல்லாது.

சென்சாரா, வயரா, மீட்டரா?

எங்க வீட்டுல இருக்கிறது 20 வயசு ஹேட்ச்பேக். அம்மா தினமும் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போற வண்டி. மழைக்காலத்துல முள் விட்டு விட்டு வேலை செஞ்சுது, அப்புறம் சுத்தமா படுத்துடுச்சு, சிக்னல்ல எஞ்சினும் நிக்க ஆரம்பிச்சுது. ஒரு ஒர்க்‌ஷாப்ல மீட்டர் செட்டையே மாத்தணும்னாங்க. எங்க ஏரியா எலக்ட்ரீஷியன் அண்ணன் டேஷ்போர்டைத் தொடவே இல்ல. "மீட்டர் பாவம் தம்பி, அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல, அது என்ன காட்டும்?"னு கேட்டுட்டு பானெட்டைத் திறந்தார். அவர் பார்த்த வரிசையைத்தான் இப்போ சொல்றேன்.

முதல்ல அறிகுறி. முள் நின்னு ஓடோமீட்டர் ஓடினா, துடிப்பு வருதுன்னு அர்த்தம், கோளாறு மீட்டருக்குள்ளதான். ரெண்டுமே நின்னா சந்தேகம் சென்சார் பக்கம். பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் எல்லாமே படுத்திருந்தா ஃபியூஸைப் பாருங்க.

அடுத்து ஸ்கேனர். செக் எஞ்சின் விளக்கு எரிஞ்சு, ஓபிடி ஸ்கேனர் பி0500 காட்டினா, வேகத் தகவல் வரலைன்னு இசியூ சொல்லுது. கவனிங்க, 'சென்சார் செத்துடுச்சு'ன்னு அது சொல்லல. வயர் அறுந்திருந்தாலும் இதே கோட்தான் வரும். ரொம்ப பழைய வண்டியில ஸ்கேனர் பேசாமலும் போகலாம், அதனால பயம் வேண்டாம்.

மூணாவது கப்ளர். சென்சார்ல மாட்டியிருக்கிற கப்ளரைக் கழட்டிப் பாருங்க. பின்ல பச்சை பூத்திருக்கா, தண்ணி இருக்கா, வயரை எலி கடிச்சிருக்கா? நம்ம ஊர் மழைக்கும் எலிக்கும் இங்கதான் பாதி கேஸ் முடிஞ்சுடும். காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய வச்சு, திரும்ப மாட்டிப் பாருங்க.

நாலாவது மல்டிமீட்டர். பெரும்பாலும் மூணு வயர் இருக்கும்: சப்ளை, எர்த், சிக்னல். சாவி ஆன், எஞ்சின் ஆஃப். சப்ளை வயர்ல வண்டியைப் பொறுத்து 12 வோல்ட்டோ 5 வோல்ட்டோ வரணும், எர்த் ஒழுங்கா இருக்கணும். இது ரெண்டுல ஒண்ணு இல்லைன்னா புது சென்சார் போட்டும் பிரயோஜனம் இல்ல.

கடைசி சோதனைதான் எனக்குப் பிடிச்சது. சென்சாரை வெளிய எடுங்க, ஆனா கப்ளர் மாட்டியே இருக்கட்டும். சாவி ஆன் பண்ணி, சிக்னல் வயரோட பின்பக்கத்துல மல்டிமீட்டர் முனையை வச்சுட்டு, அந்தக் குட்டி பல்சக்கரத்தைக் கையால மெதுவா சுத்துங்க. வோல்டேஜ் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தா சென்சார் உயிரோட இருக்கு. ஒரே இடத்துல நின்னா அது போச்சு. எங்க வண்டியில நின்னுடுச்சு. மீட்டர் செட் தப்பிச்சுது, அப்பாவோட பர்ஸும் தப்பிச்சுது.

இன்னொண்ணு. சென்சார் கையில இருக்கும்போதே பல்சக்கரத்தோட பற்களைப் பாருங்க. பிளாஸ்டிக் பல் தேஞ்சு வழவழன்னு இருந்தா, சென்சார் நல்லா இருந்தாலும் சுத்தாது. அப்போ மாத்த வேண்டியது அந்தச் சக்கரம்.

ஸ்பேர் வாங்கும்போது

பழைய சென்சாரைக் கையோட எடுத்துட்டுப் போங்க. மேல பதிச்சிருக்கிற பார்ட் நம்பர், பின் எண்ணிக்கை, பல் எண்ணிக்கை மூணும் ஒத்துப்போகணும். பல் எண்ணிக்கை மாறினா முள் ஓடும், ஆனா பொய் சொல்லும். சென்னைன்னா புது ஸ்பேருக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில வாங்கினா, கையால சுத்துற அதே சோதனையைப் பண்ணிட்டு மாட்டுங்க. கூடவே ஒரு புது ஓ-ரிங்.

ஏபிஎஸ் இருக்கிற பல வண்டிகள்ல கியர் பாக்ஸ் சென்சாரே இருக்காது. ஒவ்வொரு சக்கரத்துலயும் தனித்தனி சென்சார், வேகம் அங்கிருந்து வரும். முள்ளோட சேர்ந்து ஏபிஎஸ் விளக்கும் எரிஞ்சா தேட வேண்டிய இடம் சக்கரம். அது வேற எபிசோட்.

கழட்டி மாட்டுறது

எஞ்சின் ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. சென்சாரைச் சுத்தி இருக்கிற மண்ணைப் பிரஷ் வச்சு நல்லா துடைங்க. அது வெளிய வந்ததும் கியர் பாக்ஸ்ல ஒரு ஓட்டை திறந்திருக்கும், மண்ணு உள்ள விழக்கூடாது.

கப்ளரோட லாக்கை அழுத்தி இழுங்க, வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்தான், 10 நம்பர் ஸ்பேனர் போதும். அப்புறம் சென்சாரை இடது வலதா லேசா திருகிக்கிட்டே மேல இழுங்க. பல வருஷமா சூட்டுல கிடந்த ஓ-ரிங் ஒட்டிப் பிடிச்சிருக்கும். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினா பிளாஸ்டிக் உடைஞ்சு பாதி உள்ளயே நின்னுடும், பொறுமை முக்கியம்.

புது ஓ-ரிங்ல கொஞ்சம் கியர் ஆயில் தடவி, சென்சாரைக் கையாலேயே உட்கார வைங்க. முழுசா இறங்கலைன்னா பல்லும் பல்லும் இன்னும் சேரலைன்னு அர்த்தம். லேசா திருப்பினா இறங்கிடும். போல்ட் போட்டு இறக்கக்கூடாது. கியர் பாக்ஸ் உடம்பு அலுமினியம், மரை போச்சுன்னா செலவு சென்சாரைத் தாண்டிடும். ஆயில் நிறைய வழிஞ்சிருந்தா அளவைச் சரி பாருங்க.

பேட்டரியை மாட்டி, கோடை அழிச்சுட்டு ஒரு ரவுண்டு போங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கவங்க போன் ஜிபிஎஸ்ஸைப் பார்க்கட்டும், நீங்க ரோட்டைப் பாருங்க. மீட்டர் கொஞ்சம் கூட காட்டினா தப்பில்ல. ஐ.நா. வாகன விதி எண் 39 படி மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவா காட்டக்கூடாது, கூடுதலா 10 சதவீதமும் அதுமேல 4 கிலோமீட்டரும் வரைக்கும் காட்டலாம். நிஜமா 60-ல போனா மீட்டர் 60-ல இருந்து 70 வரைக்கும் காட்டலாம். 60-க்குக் கீழ காட்டினா பல் எண்ணிக்கையைத் திரும்ப எண்ணுங்க.

கணக்குல வராத கிலோமீட்டர்

முள் நின்ன நாள்ல இருந்து ஓடோமீட்டரும் நின்னுடுச்சு. வண்டி ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, எஞ்சின் ஆயிலும் டைமிங் பெல்ட்டும் தேஞ்சுகிட்டுதான் இருந்துச்சு. தினமும் எவ்வளவு ஓட்டினீங்கன்னு தோராயமா கணக்குப் போட்டு, சர்வீஸ் புக்ல தேதியோட எழுதி வைங்க. வண்டியை விக்கும்போது வாங்கறவங்ககிட்ட அதைக் காட்டுங்க. சென்சார் கப்ளரைக் கழட்டி விட்டுட்டு ஓட்டுறது, கிலோமீட்டரை மறைக்கிற பழைய தந்திரம்.

அதனால நீங்க வாங்கற பக்கம் இருந்தா, டெஸ்ட் டிரைவ்ல பாட்டு சிஸ்டத்தைப் பார்க்காதீங்க. 2 கிலோமீட்டர் ஓட்டி ஓடோமீட்டர் 2 ஏறுதான்னு பாருங்க. ஏறலைன்னா, மீட்டர்ல இருக்கிற எண்ணை நம்பி விலை பேசாதீங்க.

உங்க வண்டியில முள் ஆடுதா, நிக்குதா, எந்த வேகத்துலன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல எடுத்துக்கலாம். பார்த்து ஓட்டுங்க மக்களே!